‘பிடி’க்கு எத்தனை பொருள்? ஒரு சொல்லின் பொருள்களைப் பிரித்து அகராதிப் பதிவு எழுத முழுமையான வழிகாட்டி

ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று கேட்டதும் பெரும்பாலோர் கண்ணை மூடி யோசிக்கத் தொடங்குவார்கள். தவறு அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. யோசித்தால் நினைவின் மேல்மட்டத்தில் நிற்கும் நாலைந்து பொருள்தான் வரும். தினமும் பத்து முறை வாயில் வரும் பொருள்கூட விடுபட்டுப் போகும்.

இங்கே ‘பிடி’ என்ற ஒரே வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு, வாக்கியம் திரட்டுவதிலிருந்து பதிவு எழுதி முடிக்கும் வரை வரிசையாகப் பார்க்கலாம். அகராதி வேலைக்கு மட்டுமல்ல, கலைச்சொல் பட்டியல் தயாரிப்பவர்களுக்கும், கணினிக்காக வாக்கியங்களில் பொருள் குறிப்பவர்களுக்கும் இதே வழிதான். படிகளின் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். முதலில் வாக்கியம், பிறகு வாக்கிய அமைப்பு, அதன் பிறகுதான் பொருள். புதியவர்கள் இடறுவதெல்லாம் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

எக்ஸெல் அல்லது கூகுள் ஷீட் ஒன்று. தேடக்கூடிய தமிழ் எழுத்துக்கோப்புகள்: செய்தி, சிறுகதை, சமையல் குறிப்பு, சமூக ஊடகப் பதிவு, பேட்டியின் எழுத்துவடிவம் என்று கலந்து இருக்கட்டும். பழைய நூல்களுக்கு மதுரைத் திட்டம், விக்கிமூலம் என்ற இரண்டு இணைய நூல் தொகுப்புகளும் போதும். வெவ்வேறு ஊர்ப் பேச்சுள்ள மூன்று பேர் கடைசிப் படிக்குத் தேவைப்படுவார்கள். அவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

அகராதிகளும் வேண்டும், ஆனால் மூடி வையுங்கள். ஒன்பதாவது படி வரும்வரை திறக்கக் கூடாது. ஒரு முறை வேறொருவர் பிரித்த 1, 2, 3-ஐப் பார்த்துவிட்டால், உங்கள் வாக்கியங்களை அந்தப் பெட்டிகளுக்குள் திணிக்கத் தொடங்குவீர்கள். எதிலும் அடங்காத வாக்கியம் கண்ணிலேயே படாது.

நேரத்தையும் கணக்கில் வையுங்கள். ‘பிடி’, ‘அடி’, ‘போடு’, ‘எடு’, ‘விடு’ போன்ற பெரிய வினைகளுக்கு ஒரு வாரத்து மாலைகள் வேண்டும். முதல் பயிற்சிக்கு இவ்வளவு பெரியது வேண்டாம் என்று தோன்றினால் ‘கரை’, ‘ஊறு’ போன்ற அளவான வினையை எடுத்துக்கொள்ளலாம். படிகள் மாறாது.

2. சொல்லின் எல்லையைப் போடுங்கள்

எது ‘பிடி’, எது அல்ல என்பதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி வேலையில் ‘கண்டுபிடி’யைச் சேர்ப்பதா வேண்டாமா என்று குழம்பி, முன்னே சேர்த்ததை எல்லாம் திரும்பப் பார்க்க நேரும்.

வினைச்சொல்லின் வடிவங்கள் உள்ளே: பிடிக்க, பிடித்து, பிடித்தான், பிடிக்கும், பிடிக்காது, பேச்சில் பிடிச்சு, புடிச்சு. பெயர்ச்சொல்லாக வரும் ‘பிடி’ (ஒரு பிடி அரிசி, கத்தியின் பிடி) தனிப் பட்டியல். கண்டுபிடி, கடைப்பிடி இரண்டும் தனிச்சொற்கள். ‘பிடி’யின் பொருளை வைத்து அவற்றின் பொருளை ஊகிக்க முடியாது என்பதே காரணம். பிடிவாதம், பிடிமானம், பிடிப்பு, பிடித்தம், பிடிபடு ஆகியவையும் வெளியே. ஆனால் அவற்றை ஒரு தாளில் குறித்து வையுங்கள், ஆறாவது படியில் சோதனைக் கருவியாகப் பயன்படும்.

சங்கப் பாடல்களில் களிற்றோடு வரும் பிடி, பெண் யானை. எழுத்து ஒன்று, சொல் வேறு. பற்றுவதற்கும் பெண் யானைக்கும் இடையே பேசுபவர் மனத்தில் எந்த இழையும் இல்லை. இதை ‘பிடி’யின் இன்னொரு பொருளாக எண் போட்டுவிடாதீர்கள், தனிப் பதிவாகவே போக வேண்டும்.

தேடும்போது வரும் தொல்லைகள் சில. ‘பிடி’ என்று வெறுமனே தேடினால் பிடில், பிடிஎஃப், குறிப்பிடின் எல்லாம் வந்து குவியும். ‘புடிச்சு’ வராது, அதைத் தனியாகத் தேட வேண்டும். ‘பிடித்துக்கொண்டு’ என்று சேர்த்தும் ‘பிடித்துக் கொண்டு’ என்று பிரித்தும் எழுதுவார்கள், இரண்டையும் தேடுங்கள். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது: ‘கொ’வில் உள்ள ஒகரக் குறி சில கோப்புகளில் ஒரே குறியீடாகவும், சிலவற்றில் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாகவும் பதிந்திருக்கும். திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடலில் பாதி விடுபடும். கோப்பு முழுவதையும் யூனிகோடின் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்து நிற்பவற்றை ஒரே குறியீடாக்கும் வடிவத்துக்கு, மாற்றிவிட்டுத் தேடுங்கள்.

3. இருநூறு வாக்கியம் திரட்டுங்கள்

‘பிடி’ போன்ற சொல்லுக்கு 200 வாக்கியம் குறைந்தபட்சம். பங்கீடு இப்படி வைத்துக்கொள்ளலாம்: செய்தி 60, கதை 50, பேச்சும் சமூக ஊடகமும் 40, சமையல்–உடல்நலம்–தொழில் குறிப்புகள் 30, பழமொழியும் பழைய எழுத்தும் 20.

பங்கீடு எதற்கு? செய்தித்தாளை மட்டும் எடுத்தால் திருடனையும் ஆட்சியையும் முதலிடத்தையும்தான் பிடிப்பார்கள். ‘எனக்குப் பிடிக்கும்’ அபூர்வமாகத்தான் வரும். சமையல் குறிப்பைத் தொடாவிட்டால் கொழுக்கட்டை பிடிப்பதும் அடி பிடிப்பதும் கிடைக்காது. உடல்நலப் பக்கம் பார்க்காவிட்டால் கழுத்து பிடித்துக்கொள்வது விடுபடும்.

வாக்கியங்களைப் பொறுக்கி எடுக்காதீர்கள். தேடலில் வருவதில் பத்துக்கு ஒன்று என்று எண்ணி எடுங்கள். பொறுக்கினால் சுவையானவை மட்டும் சேரும். ‘கையைப் பிடித்தான்’ என்ற சாதாரண வாக்கியம் அலுப்பாக இருக்கிறதென்று விட்டுவிடுவோம், கடைசியில் முதற்பொருளுக்கே சான்று இருக்காது. ஒவ்வொரு வாக்கியத்தோடும் அதற்கு முந்தைய வாக்கியத்தையும் சேர்த்து ஒட்டுங்கள். ‘கடைசியில் பிடித்துவிட்டார்’ என்று தனியாக நின்றால் பஸ்ஸா, பூனையா, பதவியா என்று தெரியாது.

இந்தப் படியில் சொந்தமாக வாக்கியம் புனையக் கூடாது. உங்கள் காது சோதனைக்கு உதவும். திரட்டுவதற்கு உதவாது.

4. பொருளை எழுதாமல் அட்டவணையை நிரப்புங்கள்

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அட்டவணையில் இந்தப் பத்திகள் (நெடுவரிசைகள்): வினையின் வடிவம்; எழுவாய் (மனிதரா, பொருளா, இல்லவே இல்லையா); செயப்படுபொருள், அதில் ‘ஐ’ உண்டா; ‘கு’, ‘இல்’ போன்ற வேறு வேற்றுமை; துணைவினை (கொள், விடு). ‘பொருள்’ என்று ஒரு பத்தி போட்டு, அதைக் காலியாகவே விடுங்கள்.

சில வாக்கியங்களைப் போட்டுப் பார்க்கலாம்.

‘அம்மா குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.’ எழுவாய் மனிதர், கை + ஐ, துணைவினை கொள்.

‘சம்பளத்தில் 500 ரூபாய் பிடித்துவிட்டார்கள்.’ எழுவாய் மனிதர், தொகை, ஐ இல்லை, சம்பளம் + இல், துணைவினை விடு.

‘கீல் துருப்பிடித்துக் கிடந்தது.’ எழுவாய் பொருள். துரு ஒட்டி நிற்கிறது. ஐ வரவே வராது.

‘மாவு புளிக்க 8 மணி நேரம் பிடிக்கும்.’ எழுவாய் இல்லை, ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சம் (‘புளிக்க’), கால அளவு.

‘எனக்கு அவனைப் பிடிக்கும்.’ இதில்தான் புதியவர்கள் எழுவாய்ப் பத்தியில் ‘நான்’ என்று எழுதிவிடுகிறார்கள். வாக்கியத்தில் ‘நான்’ இல்லை, ‘எனக்கு’தான் இருக்கிறது. எழுவாய் இல்லை என்றே எழுதுங்கள். யாரைப் பற்றிச் சொன்னாலும் வினை ‘பிடிக்கும்’ என்றே நிற்கும். பிடிப்பேன், பிடிப்பாய் என்று மாறாது. ‘அவனைப் பிடிப்பேன்’ என்றால் துரத்திப் பிடிப்பதுதான். இந்த ஒரு கட்டுப்பாடே விருப்பப் பொருளைப் பற்றும் பொருளிலிருந்து வெட்டித் தந்துவிடுகிறது. உட்கார்ந்து யோசிக்க வேண்டிய தேவையே இல்லை.

எதிர்மறையையும் தனியே குறியுங்கள். ‘பாகற்காய் பிடிக்காது’ என்றால் அது அவர் குணம். ‘இன்றைக்கு வைத்த குழம்பு பிடிக்கவில்லை’ என்றால் இந்தக் குழம்போடு முடிந்தது. பற்றும் பொருளில் இந்த வேறுபாடு இப்படி அமைவதில்லை: ‘கையைப் பிடிக்கவில்லை’ என்பது நடந்ததை மறுப்பது, அவ்வளவுதான்.

5. ‘ஐ’ இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்

இதற்குத் தனிப் படி ஏன் என்றால், தமிழ் வினைகளின் பொருளைப் பிரிப்பதில் அதிகம் கைகொடுப்பதும் அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான். ‘மீன் பிடித்தான்’ என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கி நிற்கிறது என்று இலக்கண வகுப்பில் சொல்லி முடித்துவிடுவார்கள். உருபு மறைந்திருக்கிறது, பொருள் அதுவேதான் என்ற எண்ணம் அதிலிருந்து வருகிறது. பொருள் அதுவே அல்ல.

மீன் பிடித்தான்: அது அவன் தொழில், அல்லது பொழுதுபோக்கு. ஒன்றுகூட அகப்படாமல் வீடு திரும்பியிருக்கலாம். மீனைப் பிடித்தான்: குறிப்பிட்ட ஒரு மீன், கையில் இருக்கிறது.

படம் பிடித்தான்: கேமராவால். படத்தைப் பிடித்தான்: சுவரிலிருந்து விழ இருந்ததைத் தாங்கினான்.

ஆள் பிடித்தான்: வேலைக்கு ஆள் சேர்த்தான். ஆளைப் பிடித்தான்: ஓடியவன் மாட்டிக்கொண்டான்.

காக்காய் பிடித்தான் என்றால் மேலதிகாரியிடம் குழைந்தான். காக்காயைப் பிடித்தான் என்றால் உண்மையிலேயே பறவைதான்.

பாட்டிக்குக் கால் பிடித்துவிட்டான், அமுக்கிவிட்டான். பாட்டியின் காலைப் பிடித்தான் என்றால் விழாமல் தாங்கியிருக்கலாம், அல்லது மன்னிப்புக் கேட்டுக் கெஞ்சியிருக்கலாம்.

எனவே ஒவ்வொரு செயப்படுபொருளுக்கும் ‘ஐ’யைச் சேர்த்தும் எடுத்தும் வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். பொருள் மாறினால் ஒரு குறி, வாக்கியமே உடைந்தால் வேறொரு குறி. (‘துருவைப் பிடித்தது’, ‘8 மணி நேரத்தைப் பிடிக்கும்’ இரண்டும் உடைகின்றன.) ஒரு விதிவிலக்கு: மனிதரைக் குறிக்கும் சொல்லுக்கு விருப்பப் பொருளில் ‘ஐ’ கட்டாயம். ‘எனக்கு மாம்பழம் பிடிக்கும்’ சரி, ‘எனக்கு அவன் பிடிக்கும்’ சரியில்லை. இதை வைத்து மாம்பழத்துக்கு ஒரு பொருள், மனிதருக்கு ஒரு பொருள் என்று பிரித்துவிடக் கூடாது. அது பெயர்ச்சொல்லின் குணம், வினையின் பொருள் அல்ல.

6. குவியல்களாகப் பிரித்து, சோதனை வையுங்கள்

அட்டவணையை அமைப்பின்படி வரிசைப்படுத்தினால் ஏழெட்டுக் குவியல் தானாகவே விழும். இப்போது ஒவ்வொரு குவியலும் ஒரே பொருளா, பலவா என்று சோதிக்க வேண்டும். நான்கு சோதனைகள் போதும்.

எதிர்ச்சொல் சோதனை. பொருளுக்குப் பொருள் எதிர்ச்சொல் மாறும். கையைப் பிடித்தால் எதிர் ‘விட்டான்’. திருடனுக்கு எதிர் ‘தப்பவிட்டான்’. பஸ்ஸுக்கு எதிர் ‘தவறவிட்டான்’. பஸ்ஸும் ஆட்டோவும் ஒரே பொருள் என்றுதான் முதலில் தோன்றும். ‘ஆட்டோவைத் தவறவிட்டேன்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘ஆட்டோ கிடைக்கவில்லை’ என்றுதான் சொல்வார்கள். ‘வீடு கிடைக்கவில்லை’, ‘ஆள் கிடைக்கவில்லை’ என்பவையும் இதே எதிர். ஆக, பஸ் பிடிப்பது நேரத்துக்குப் போய்ச் சேருவது. ஆட்டோ பிடிப்பது, வாடகை வீடு பிடிப்பது, ஆள் பிடிப்பது மூன்றும் தேடி அமர்த்துவது. குவியல் மாறிவிட்டது.

இதே சோதனை இன்னொரு குவியலையும் உடைக்கிறது. பேய் பிடித்தது, சனி பிடித்தது, மழை பிடித்துக்கொண்டது, துரு பிடித்தது, பாசி பிடித்தது எல்லாவற்றிலும் வேண்டாதது வந்து ஒட்டுகிறது என்று ஒரே கட்டாகக் கட்டத் தோன்றும். ஆனால் சனி விட்டது, மழை விட்டது, பேய்கூட விடும். துரு விடாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். வந்து சேர்ந்து சில காலம் ஆட்டிவைப்பது ஒன்று. மேற்பரப்பில் படிந்து தங்குவது வேறொன்று.

மாற்றுச்சொல் சோதனை. ‘2 மணி நேரம் பிடிக்கும்’ என்பதில் ‘ஆகும்’ போடலாம், ‘கொள்ளும்’ போட முடியாது. ‘குடம் 10 லிட்டர் பிடிக்கும்’ என்பதில் ‘கொள்ளும்’ போடலாம், ‘ஆகும்’ பொருந்தாது. இரண்டும் அளவு என்று ஒரே குவியலில் இருந்தன, பிரியுங்கள்.

‘உம்’ சோதனை. இரண்டு செயப்படுபொருளை ஒரே ‘பிடி’யில் கட்டிப் பாருங்கள். ‘குடையையும் பையையும் பிடித்திருந்தார்’ இயல்பு. ‘ஓடிப்போய்த் திருடனையும் பஸ்ஸையும் பிடித்தார்’ என்றால் கேட்பவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் விடை. ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. ‘திருடனையும் அவன் சட்டையையும் பிடித்தார்’ என்பதும் இடறுகிறது. முழுமையையும் அதன் பகுதியையும் ஒன்றாகக் கட்டியதால் வந்த இடறல் அது, பொருள் வேறுபாட்டால் அல்ல.

கிளைச்சொல் சோதனை. இரண்டாவது படியில் ஒதுக்கிய தாளை எடுங்கள். திருடன் பிடிபட்டான், மீன் பிடிபட்டது. பஸ் பிடிபடாது, குடையும் பிடிபடாது. சம்பளத்தில் ‘பிடித்தம்’ உண்டு, மனத்துக்குப் ‘பிடித்தமான’ ஒன்றும் உண்டு. ஆனால் திருடனுக்குப் பிடித்தம் கிடையாது. தசை இறுகுவதற்கு ‘பிடிப்பு’. எந்தப் பொருள் எந்தக் கிளையை ஈனுகிறது என்பது வலுவான சான்று, ஏனென்றால் மொழியே ஏற்கெனவே பிரித்துவைத்திருக்கிறது.

7. எதைப் பிரிக்கக் கூடாது

சோதனைகளில் ருசி கண்டவர்கள் ‘பிடி’க்கு 40 பொருள் கண்டுபிடித்துவிடுவார்கள். குடை பிடிப்பது, விளக்கு பிடிப்பது, கம்பியைப் பிடிப்பது, கையைப் பிடிப்பது நான்கும் வெவ்வேறு காட்சிகள், பொருள் ஒன்றுதான். வேறுபாடு குடையிலும் விளக்கிலும் இருக்கிறது.

கைவசம் வைக்க ஒரு கணக்கு: புதிய எண் போட வேண்டுமானால் குறைந்தது இரண்டு சோதனையில் வேறுபட வேண்டும், வெவ்வேறு மூலங்களிலிருந்து மூன்று வாக்கியமாவது இருக்க வேண்டும். ஒரே வாக்கியம்தான் என்றால் ‘காத்திருப்பு’ என்ற தனித் தாளுக்கு அனுப்புங்கள். கதை எழுதுபவர் அந்த இடத்துக்காகவே வளைத்த பயன்பாடாக அது இருக்கக்கூடும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. எல்லாமே ஒருவகையில் ‘பற்றுவது’தானே என்று முழுச்சொல்லையும் ஒரே பொருளில் அடக்கப் பார்ப்பது. வேரைப் பற்றிச் சொல்ல அது சரியாக இருக்கலாம். ஆனால் ‘பற்றுவது’ என்று மட்டும் தெரிந்தவர், மாவு புளிக்க 8 மணி நேரம் பிடிக்கும் என்பதைத் தானாக உண்டாக்க முடியாது. உண்டாக்க முடியாததற்கு எண் வேண்டும்.

8. தொடர்களை ஒதுக்குங்கள்

வால் பிடி, காக்காய் பிடி, அடம் பிடி, முரண்டு பிடி, கரம் பிடி. இவற்றில் ‘பிடி’க்குத் தனிப் பொருள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு சொல்லும் சேர்ந்தே ஒரு பொருள்.

ஒரு தொடர் இறுகியதா, தளர்ந்ததா என்று அறிய நடுவில் ஒரு சொல்லை நுழையுங்கள். ‘பெரிய காக்காய் பிடித்தான்’ என்றால் குழைவது போய்ப் பறவை வந்துவிடுகிறது, தொடர் இறுகியது. ‘நல்ல படமாகப் பிடித்தான்’ என்றால் ஒன்றும் கெடவில்லை, தளர்ந்தது. இறுகியவை பதிவின் அடியில் தொடர்களாகவும், தளர்ந்தவை எண் பெற்ற பொருளாகவும் போகட்டும்.

பழமொழியை இங்கேயும் சேர்க்காதீர்கள். ‘தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்’ என்பதில் உள்ள ‘பிடி’ சாதாரண ‘பிடி’தான், முழுப் பழமொழிக்குத்தான் வேறு பொருள்.

9. இப்போது அகராதியைத் திறக்கலாம்

பழைய பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வந்து, பிறகு இணைப்பும் வந்தது. இணையத்தில் தேடவும் முடியும். இன்றைய வழக்குக்கு 1992-இல் முதற்பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி.

ஒப்பிடும்போது உங்களிடம் இல்லாத பொருள் அவற்றில் இருந்தால் அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். அந்தப் பொருளுக்காகவே தேடி மூன்று வாக்கியமாவது கொண்டுவாருங்கள். கிடைத்தால் உங்கள் திரட்டலில் எந்த மூலம் குறைந்தது என்பதும் தெரியும். கிடைக்காவிட்டால் அது வழக்கொழிந்த பொருளாக இருக்கலாம். தற்கால அகராதிக்கு வேண்டாம். உங்களிடம் இருந்து அவற்றில் இல்லாவிட்டால் அழித்துவிடவும் வேண்டாம். சான்று வலுவாக இருந்தால் நீங்களே சரி.

10. விளக்கம் எழுதுதல்

அதிகம் கெடும் இடம் இதுதான். ‘பிடி: பற்று’ என்று எழுதி, ‘பற்று’வுக்குப் போனால் ‘பிடி’ என்று இருக்கும். வாசகர் இரண்டு வாசலுக்கும் நடுவில் நிற்பார். விளக்கத்தில் வரும் சொல், விளக்கப்படும் சொல்லைவிட எளியதாக இருக்க வேண்டும். ‘பிடி’யைவிட எளிய ஒற்றைச் சொல் தமிழில் இல்லை; எனவே செயலையே விவரிக்க வேண்டும்.

வினைக்கு வினையாகவே விளக்கம் எழுதுங்கள். யார், எதை என்ற இடங்களை அடைப்புக்குறிக்குள் காட்டுங்கள். நான்காவது படியில் நிரப்பிய பத்திகள் அப்படியே இங்கே வந்து உட்காரும்.

பற்றும் பொருள்: (ஒன்றை) நழுவாதபடி விரல்களால் சுற்றி வைத்திரு.

திருடன், மீன்: (தப்பி ஓடக்கூடியதை) அகப்படச் செய்.

பஸ், ரயில்: (புறப்படுவதற்குள் போய்ச் சேர்ந்து வண்டியில்) ஏறிவிடு.

ஆட்டோ, வீடு, ஆள்: (கூலிக்கோ வாடகைக்கோ) தேடி அமர்த்து.

குழாய்த் தண்ணீர்: (வந்து விழுவதைப் பாத்திரத்தில்) ஏந்தி நிரப்பு.

கொழுக்கட்டை, உருண்டை: (மாவு முதலியவற்றைக் கைக்குள் அழுத்தி) வடிவம் கொடு.

சம்பளம்: (கொடுக்க வேண்டியதில் ஒரு தொகையைக்) கொடுக்காமல் கழித்துக்கொள்.

நேரம்: (ஒரு வேலை முடிய இவ்வளவு நேரம்) தேவைப்படு.

விருப்பம்: (ஒருவருக்கு ஒருவர் அல்லது ஒன்று) மனத்துக்கு உகந்ததாக இரு. இதை ‘விரும்பு’ என்று ஒரே சொல்லில் எழுதுவது பரவலான தவறு. ‘விரும்பு’வுக்கு எழுவாய் உண்டு, ‘பிடி’க்கு இங்கே இல்லை. ‘நான் அவளை விரும்புகிறேன்’ என்பதும் ‘எனக்கு அவளைப் பிடிக்கும்’ என்பதும் கேட்பவர் காதில் ஒன்றாக விழுவதில்லை என்பதைச் சொல்ல அகராதி தேவையில்லை.

எழுதியதும் விளக்கத்தைத் திரட்டிய வாக்கியத்தில் ‘பிடி’ இருந்த இடத்தில் வைத்துப் படியுங்கள். நடை கொஞ்சம் கட்டையாக இருக்கலாம், பொருள் தவறக் கூடாது. தவறினால் அடைப்புக்குறிக்குள் இருப்பதைத்தான் முதலில் சரிபாருங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

11. எண் வரிசையும் எடுத்துக்காட்டும்

பேச்சில் அதிகம் வருவது விருப்பப் பொருள்தான் என்றாலும் ‘நழுவாதபடி வைத்திரு’ என்பதையே முதலில் வையுங்கள். அதிலிருந்து மற்றவற்றுக்குப் போக வழி உண்டு, விருப்பத்திலிருந்து திரும்பிவர வழியில்லை. அதன்பின் மனித எழுவாய் உள்ளவை, பிறகு பொருள் எழுவாய் உள்ளவை, கடைசியில் எழுவாய் இல்லாதவை. வேறு வரிசையும் வைக்கலாம். ஆனால் ஒன்றை முடிவுசெய்தால் எல்லாச் சொல்லுக்கும் அதையே பின்பற்ற வேண்டும்.

எடுத்துக்காட்டு ஒரு பொருளுக்கு இரண்டு போதும். திரட்டியதிலிருந்து எடுத்து, ஆள் பெயரை நீக்கி, நீளத்தைக் குறையுங்கள். வினையையும் வேற்றுமையையும் தொடாதீர்கள். அழகாக இருக்கட்டும் என்று ‘மீன் பிடித்தான்’ என்பதை ‘மீனைப் பிடித்தான்’ ஆக்கினால் ஐந்தாவது படியில் பட்ட பாடு வீண்.

12. மூன்று பேரிடம் கொடுத்துப் பாருங்கள்

பதிவு எழுதப் பயன்படுத்தாத புதிய 20 வாக்கியங்களை எடுங்கள். எடுத்துக்காட்டுகளை மறைத்துவிட்டு விளக்கங்களை மட்டும் எண்களோடு கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எண் போடச் சொல்லுங்கள். மூவரும் தனித்தனியே செய்ய வேண்டும். அருகில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாதீர்கள். அகராதி வாங்குபவர் பக்கத்தில் நீங்கள் இருக்கப்போவதில்லை.

நான்கு வாக்கியத்துக்கு மேல் எண் ஒத்துப்போகவில்லை என்றால், யார் தவறு என்று பார்க்காமல் எந்த இரண்டு எண் மாறி மாறி விழுகிறது என்று பாருங்கள். திருடனும் பஸ்ஸும் குழம்பினால் விளக்கத்தில் ‘புறப்படுவதற்குள்’ என்பது போதிய அழுத்தம் பெறவில்லை. பேயும் துருவும் குழம்பினால் ஆறாவது படிக்குத் திரும்புங்கள். இருபதிலும் இரண்டு எண்கள் யாருக்குமே பிரியவில்லை என்றால், அவற்றை ஒன்றாக்கிவிடுவதே நேர்மை.

வெவ்வேறு ஊர்க்காரர் வேண்டும் என்றது இங்கேதான் பயன்படும். தமிழ்நாட்டில் சண்டை போடுவார்கள், இலங்கைத் தமிழில் சண்டை பிடிப்பார்கள். உங்கள் பேச்சில் இல்லாததால் அதைப் பிழை என்று அடித்துவிடக் கூடாது. ‘இலங்கை வழக்கு’ என்று குறிப்பிட்டு தொடர்களில் சேருங்கள்.

மூவரும் ‘எதிலும் சேரவில்லை’ என்று விட்ட வாக்கியங்களைக் காத்திருப்புத் தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். அதில் ஒரே மாதிரி மூன்று சேர்ந்த அன்று பதிவைத் திரும்பத் திறக்கலாம்.